ஜில்லா குடித்த தாகம்

2003ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமியன்று மலையைச் சுற்ற வந்த லட்சக்கணக்கான பேரில் ஒருவருக்கும் அடி அண்ணாமலை ஊரைத் தாண்டும்போது தாகம் எடுக்கவில்லை. வெயில் கம்மி என்று சொல்வதற்கில்லை. அந்த வருஷம் மழை பொய்த்து ஏரிக்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்தவர்கள் சூடு தாங்காமல் ஓரத்து மண்ணுக்கு இறங்கி இறங்கி நடந்தார்கள். கால் கொப்பளித்தது, சட்டை நனைந்தது, நாக்கு மட்டும் வறளவில்லை. தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்த வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்காரர்கள் டம்ளரை நீட்டி நீட்டிக் கை வலித்து, கடைசியில் அண்டாவை மூடி வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார்கள். வெளியூர்க்காரர்கள் இதைச் சாமியின் அருள் என்றார்கள். உள்ளூரில் காரணம் எல்லோருக்கும் தெரியும். மோர்க்கடை உண்ணாமலையின் வீட்டில் ஜில்லா என்கிற கிழ நாய் அத்தனை பேருக்கும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது.

ஜில்லா வந்தது 1989இல், வட ஆற்காட்டிலிருந்து பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி ஜில்லா ஆக்கிய வாரம். பெயரும் அதனால்தான். டவுனில் வெடி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உண்ணாமலை தன் புருஷன் பரசுராமனுக்குக் காரியம் முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். குழாயடியில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த பெட்டைக் குட்டி ஒன்று பின்னாலேயே வீடு வரைக்கும் வந்துவிட்டது. பரசுராமன் கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டியவர். நாற்பது வயதில் இரண்டு கிட்னியும் போய், சிறுநீர் நின்று, உடம்பு வீங்கிக் கிடந்தார். சோறு குழம்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசி நாள் மத்தியானம் அவர் ஒரு வாய் தண்ணீர் கேட்டார். "இன்னிக்கு அளவு முடிஞ்சிபோச்சுங்க, காலைல தர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சொம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள் உண்ணாமலை. நாலு மணிக்கெல்லாம் அவர் உலர்ந்த நாக்கோடு போய்விட்டார். வருஷத் திதியன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் தம்பி பலராமன், "எங்கண்ணன் தண்ணி தண்ணின்னு கேட்டே செத்தான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. ஒரு தடவையே போதுமாக இருந்தது.

பதின்மூன்று வருஷம் ஓடிப்போனதே தெரியவில்லை. உண்ணாமலை மலை சுற்றும் பாதையில் மோர்க்கடை போட்டாள். அடுத்த கடை பலராமனுடையது; சோடா, கலர், பிறகு தண்ணீர் பாக்கெட். ஜில்லா நாலு ஈத்து குட்டி போட்டது, கேபிள் டிவிக்காரரை இரண்டு முறை கடித்தது, மற்றபடி பெரிய சண்டை சச்சரவுக்குப் போகாமல் கடைக்கு முன்னால் படுத்துக் கிடந்தது. 2003 பொங்கலுக்கு மறுநாள் அது ஒரு குண்டான் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உண்ணாமலையை நிமிர்ந்து பார்த்தது. தை முடிவதற்குள் நாளைக்கு ஒரு குடம் ஆயிற்று. மாசியில் இரண்டு. படுத்த இடத்திலேயே ஈரம் பண்ணிவிட்டுக் கூச்சத்தோடு எழுந்து நின்றது. எலும்பு தெரிய இளைத்தது. கறிச்சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. அதன் தாகம் கூடக் கூட மற்றவர்களுடையது குறைந்தது. முதலில் உண்ணாமலைக்கு நின்றது. பிறகு பலராமன் வீட்டில், பிறகு தெரு முழுக்க. களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் சொம்பைக் கையில் வாங்கி, எதற்கு வாங்கினோம் என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தார்கள். லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வந்தது என்றாலும் குழாயடியில் அந்த வருஷம் குடுமிப்பிடிச் சண்டை நடக்கவில்லை. பங்குனியில் நாய்க்கு நாலு குடம் வேண்டியிருந்தது. குடிக்க ஆளில்லாத தண்ணீர் எல்லா வீட்டிலும் இருந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

பௌர்ணமி கழிந்த மறுநாள் பலராமன் வந்து, "அண்ணி, இது குடிக்கிற வரைக்கும் நம்ம கடையில ஒருத்தனும் குடிக்கமாட்டான். கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றார். உண்ணாமலை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஜில்லாவின் முகத்தைத் துடைத்துவிடும்போது அதன் மூச்சு அவள் முகத்தில் பட்டது. அந்த வாடை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் முப்பத்தேழு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சுவாசித்த வாடை. கிட்னி போய்விட்டது என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். கிட்னி போனவர்களுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். அரை லிட்டர் அளந்து வைத்துவிட்டு, அண்டாவையும் குடங்களையும் உள்ளறையில் போட்டுப் பூட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் ஊர் முழுக்கத் தாகம் எடுத்தது. சாதாரணத் தாகம் இல்லை. தைக்கு அப்புறம் எடுக்காமல் விட்டதெல்லாம் மொத்தமாக வந்து நின்றது. குழந்தைகள் பள்ளிக்கூடத் தொட்டியில் தலையைக் கவிழ்த்துக் குடித்தார்கள். பலராமன் கடையில் இருந்த அத்தனை பாக்கெட்டும் பத்து மணிக்குள் தீர்ந்துவிட்டன. கடைசி இருபதை அவரே கடித்துக் கடித்துக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஜில்லா பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்து, குடம் வைத்திருந்த இடத்துத் தரையை நக்கியது. பிறகு சுவரை நக்கியது. குரைக்கவில்லை, அழவில்லை, உண்ணாமலை போகிற பக்கமெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பார்வையை அவள் ஏற்கெனவே ஒரு முறை தாங்கியிருக்கிறாள். இரண்டாம் நாள் மத்தியானம் அவளால் முடியவில்லை. நாயைப் பழைய சேலையில் சுற்றி, பலராமனின் மனைவி கஸ்தூரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கீழ்பென்னாத்தூருக்கு ஷேர் ஆட்டோவில் போனாள்.

அங்கே கால்நடை டாக்டர் சக்திவேல் நாயின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மேடாகவே நின்றது. "தண்ணி வெக்கலையாம்மா?" என்றார்.

"கிட்னி போச்சுன்னா அளந்துதானே குடுக்கணும்?"

"அது மூத்திரம் நின்னுபோன மனுஷங்களுக்கும்மா. உள்ள போற தண்ணி வெளிய வராது, நுரையீரல்ல ஏறிடும். இதுக்கு நேர்மாறு. இதோட கிட்னியால தண்ணிய புடிச்சி வெக்க முடியல, எல்லாம் வெளிய போயிடுது. அதான் இந்தக் குடி குடிக்குது. நிறுத்துனா காஞ்சி செத்துடும். கேக்கறப்பல்லாம் வைங்க." ஊசி போட்டு, தோலுக்கடியில் ஒரு பாட்டில் சலைன் ஏற்றிவிட்டார். பிறகு, "வயசாயிடுச்சு. ரெண்டு மாசம் இருந்தா ஜாஸ்தி" என்றார்.

உண்ணாமலை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இன்னொரு வாய் தன் கையால் காய்ந்து மூடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்து, புருஷன் காரியத்துக்கென்று எடுத்த பித்தளை அண்டாவை நடு வீட்டில் வைத்து நிரப்பினாள். ஜில்லா குடிக்க ஆரம்பித்த சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. ஒவ்வொரு மடக்குக்கும் ஒவ்வொரு வீட்டில் நாக்கு நனைந்தது. தாகம் ஊரைவிட்டு மறுபடி கிளம்பி, மாடு பட்டிக்குத் திரும்புவது போல வரிசையாக அந்த நாயிடம் போய்ச் சேர்ந்தது.

வைகாசி முழுக்க அப்படிப் போயிற்று. பலராமன் கடையை மூடிவிட்டு வெள்ளரிப்பிஞ்சு விற்றார். ஆனி பிறந்து நாலாம் நாள் காலையில் ஜில்லா அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து, தண்ணீரைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது. உண்ணாமலை குண்டானில் வைத்தாள், உள்ளங்கையில் வைத்தாள், கரண்டியால் ஊற்றினாள். கடைவாய் வழியே வழிந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் கஸ்தூரி ஓடிவந்தாள். பலராமன் ஆட்டோவில் போய் டாக்டரைக் கூட்டிவந்தார். சக்திவேல் மூடிய பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"போறப்ப தாகம் அதுவா அடங்கிடும்மா. இப்ப அதுக்குத் தண்ணி வேணாம். வாய மட்டும் ஈரத் துணியால தொடச்சி வுடுங்க, போதும்."

"அவருக்கு மட்டும் ஏன் டாக்டர் அடங்கல? கடைசி மட்டும் கேட்டாரே" என்றாள் உண்ணாமலை.

பலராமன் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். "அத நான் படிக்கலம்மா" என்று சக்திவேல் உண்மையைச் சொன்னார்.

மத்தியானம் வரைக்கும் அவள் ஈரத் துணியால் அதன் உதட்டையும் ஈறையும் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் கூரை ஓட்டின் இடுக்கு வழியாக நாயின் வயிற்றில் காசு காசாக விழுந்து மெல்ல நகர்ந்தது. ஜில்லா துணியை ஒரு முறை நக்கியது, மரியாதைக்கு நக்கியது போல. நாலு மணிக்கு மூச்சு நின்றது. வாய் ஈரமாகத்தான் இருந்தது. புங்கமரத்தடியில் பலராமனே குழி வெட்டிப் புதைத்தார்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவுடன் உண்ணாமலைக்குத் தாகம் எடுத்தது. ஒரு சொம்பு குடித்தாள். அது போன இடம் தெரியவில்லை. ஒரு குடம் குடித்தாள். அண்டாவைச் சாய்த்துக் குடித்து முடித்தாள். ஊரில் மற்ற யாருக்கும் தாகம் திரும்பி வரவில்லை. நாய் விட்டுவிட்டுப் போன அத்தனையும் அவளிடமே இறங்கியிருந்தது. லட்சம் பேரின் தாகம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அடியில் கிடந்தது யாருடையது என்று அவளும் கேட்கவில்லை, ஊராரும் கேட்கவில்லை. வீட்டுத் தண்ணீர் தீர்ந்து அவள் வெறும் சொம்போடு உட்கார்ந்திருந்தபோது பலராமன் தோளில் ஒரு குடத்தோடு உள்ளே வந்தார். அந்த வீட்டில் அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"குடிங்க அண்ணி. இன்னும் இருக்குது" என்றார்.

அவருக்குப் பின்னால் கஸ்தூரி, அவளுக்குப் பின்னால் தெரு. லாரி வராத நாட்கள் அவை. ஆளுக்கு ஒரு குடமாக, வீட்டில் அரிசி கழுவக்கூட மிச்சம் வைக்காமல் எடுத்து வந்தார்கள். மூன்று நாள் அவள் குடித்தாள், அழுதுகொண்டும் இடையில் தூங்கிக்கொண்டும். வயிறு உப்பவில்லை, கன்னத்தில் மட்டும் கொஞ்சம் சதை பிடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பாதிச் சொம்பில் நிறுத்தி, மூச்சு விட்டு, பலராமனைப் பார்த்து, "போதும்பா" என்றாள்.

பலராமன் அந்தப் பாதிச் சொம்பை வாங்கி, அண்ணாந்து, மிச்சத்தைத் தான் குடித்தார். அவருக்கும் தாகமாக இருந்தது. தெருவில் குழந்தைகள் தண்ணீர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தீராத குடங்களைப் பெண்கள் அடையாளம் பார்த்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பொழுது சாய்வதற்குள் உலை வைக்க வேண்டியிருந்தது.