முதலில் அடித்த மணி

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் சமையல் யார் தலையில் விழும் என்பதைக் காற்றுக் குப்பிதான் முடிவு செய்யும். பயிற்சி நாளன்று எல்லோரும் முழு உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, முதுகில் குப்பியோடு கோபுரப் படிகளில் ஏறி இறங்குவோம். காற்று குறைந்ததும் தோளருகே மணி அடிக்கும். யாருடைய மணி முதலில் அடிக்கிறதோ, அவர் அடுப்படிக்குப் போக வேண்டும். மினசோட்டாவின் வடகோடியில், பனி உருகவே மனசில்லாத ஒரு சுரங்க ஊரில், வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

ரூடி ப்ரெபெலிச் வருடக்கணக்கில் சமைத்தான். இளவட்டத்திலிருந்தே சிகரெட். முதல் சுற்றிலேயே அவன் மணி கணகணவென்று அடித்துவிடும். சாசேஜும் புளித்த முட்டைக்கோஸும் அவன் கைப்பக்குவத்தில் அமிர்தமாக இருக்கும் என்பதால், அவன் இருமலில் எங்களுக்கு ஆதாயமும் இருந்தது.

போன வருடம் உடற்தகுதித் தேர்வில் மட்டும் விளையாட்டு நின்றது. டிரெட்மில்லில் ஓடும்போது பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். எங்கள் தலைவர் ஆர்விட் அவனைத் தனியே அழைக்கக்கூட இல்லை.

"அடுத்த தடவையும் இதே மூச்சோட வந்தே, குழாயைத் தொட விடமாட்டேன் ரூடி. வண்டி ஓட்டிக்கிட்டு இரு."

வண்டி ஓட்டுவது எங்களிடம் ஓய்வுக்குக் காத்திருப்பவர்களின் வேலை. ரூடிக்கோ, நெருப்புக்குள் குழாய் முனையைப் பிடிப்பவன்தான் ஆண்பிள்ளை. பதினோரு வருடமாக நான் பிடிக்கிறேனே என்றால், "நீ கணக்குல வரமாட்டே டெஸ், நீ ராட்சசி" என்பான்.

மறுநாளே சிகரெட்டை விட்டுவிட்டு வேப் என்னும் மின்சிகரெட்டுக்கு மாறினான். நிலையமெங்கும் மாம்பழ வாசனை. ஒரு மாதத்தில் இருமல் போய்விட்டது. காப்பி வாசனை தெரிகிறது என்று குழந்தைபோலச் சந்தோஷப்பட்டான். மருத்துவமனைத் தாதி அவனிடம், "புகை நின்னது நல்லதுதான். ஆனா நிகோடின் நிக்கலையே? உன் இதயத்தை அது இன்னமும் சாட்டையால அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. மூச்சு தானா திரும்பி வராது, அதையும் விட்டுட்டு ஓடப் பழகு" என்றாளாம். எங்களிடம் வந்து முதல் பாதியை மட்டும் சொன்னான். மீதி எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சிகரெட் என்றால் ஒன்று தீர்ந்ததும் கையைவிட்டுப் போகும். இது தீரவே தீராது. வண்டியில், கழிப்பறையில், குழாய் சுருட்டும்போது என்று எந்நேரமும் அவன் வாயில் அந்தக் குழல் இருந்தது. ஓடிப் பழகுவதை வாரா வாரம் தள்ளிப்போட்டான். இருமல் இல்லாதவனுக்கு எதற்கு ஓட்டம்?

ஆனால் படிகளில் அவன் மணி தாமதமாக அடிக்கத் தொடங்கியது. முதலில் நடுவில் அடித்தது. பிறகு எனக்கும் பின்னால் போனது; ஒரு நாள் எல்லோருக்கும் முந்தி என் மணி அடித்து, அடுப்படி என் தலையில் விழுந்தது.

"என்ன ராட்சசி, வெங்காயம் எங்கே இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். உன் வாயில திணிக்கத்தான் தேடுறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆர்விட் ஏப்ரல் தேர்வு வரைக்கும் காத்திருக்காமல் அவனை என்னோடு முன்வரிசையில் போட்டார். படியில் காட்டிய மூச்சை விடப் பெரிய சான்று எங்களுக்கு வேறு கிடையாது. எங்கள் முட்டாள்தனம் அது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் வெய்க்கோ லம்பினென் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை என்றால் ஃபின்லாந்துக்காரர் வீடுகளில் சவ்னா என்னும் நீராவிக் குளியல். அவர் வீட்டில் சவ்னா அறை அடித்தளத்தில், விறகடுப்போடு. அந்த அடுப்புதான் சுவரைப் பற்றவைத்திருந்தது. அவர் மனைவி எல்மா வீட்டுச் செருப்போடு பனியில் நின்று கத்தினாள்.

"உள்ளே இருக்காருடா! இன்னும் கீழேதான் இருக்காரு!"

நானும் ரூடியும் குழாயோடு படியிறங்கினோம். கீழே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முட்டி போட்டுச் சுவரைத் தடவித் தடவிப் போனோம். தண்ணீர் நிரம்பிய குழாயை வளைவில் இழுப்பது மாட்டை இழுப்பது மாதிரி. என் முதுகுக்குப் பின்னால் ரூடியின் மூச்சு துருத்திபோலக் கேட்டது.

அப்போது தட்டும் சத்தம் வந்தது. மரச்சுவரின் அந்தப் பக்கம், முஷ்டியால் ஓங்கி ஓங்கி.

"கேக்குதா? உயிரோட இருக்காரு!" என்று கத்தினேன்.

கத்தி முடிப்பதற்குள் மணி அடித்தது. என்னுடையதுதான் என்று நினைத்தேன். சமீபமாகப் படிகளில் அப்படித்தானே? அளவுமானியை முகமூடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். எனக்குப் பாதிக்கு மேல் இருந்தது.

"ரூடி, உன்னுதா?"

என் காலைப் பிடித்திருந்த கையை எடுத்தான். குழாயை விட்டுவிட்டு தன் முகமூடியைப் பிடுங்கப் போனான். மூச்சு போதாதவன் முதலில் செய்வது அதுதான், அதைச் செய்தவன் பிழைப்பதில்லை. அவன் கையை மடக்கிப் பிடித்தேன். இரண்டு பேராகப் போனால் இரண்டு பேராகத்தான் வர வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அவனை அங்கே விட்டிருக்க முடியாது. வெறுப்போடுதான் இழுத்தேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நாங்கள் படியேறும்போதும் பின்னால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே நின்ற அடுத்த ஜோடி உடனே இறங்கியது. அவர்கள் சுவரருகே போய்ச் சேர்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கதவை உடைத்தபோது வெய்க்கோ அதன் மேலேயே சாய்ந்து கிடந்தார்.

பனியில் மல்லாந்து கிடந்த ரூடியின் காலரைப் பிடித்தேன். "கோபுரப் படியில எப்படிடா ஜெயிச்சே?"

"மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சு விட்டேன், டெஸ். கண்ணு இருட்டும், அப்பத்தான் அடுத்ததை இழுப்பேன். குழாயைக் குடுக்கமாட்டாங்களோன்னு பயம். நிஜ நெருப்புல முடியல. எவ்வளவு இழுத்தாலும் பத்தல."

அடிக்க ஓங்கிய என் கையை ஆர்விட் பிடித்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். அதற்கு முன்பே எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். எல்மா கேட்டால், புகையில் அவர் சட்டென்று மயங்கிவிட்டார், ஒன்றுமே தெரிந்திருக்காது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவராகப் போய் அப்படியே சொன்னோம். அவள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னாள். கடைசியாக ரூடி போனான். அவன் தட்டில் அவளே கேக்கை எடுத்துவைத்தாள்.

"நீ உள்ளே போனியே ரூடி, அது போதும். அவர் கஷ்டப்படலன்னு இவங்க எல்லாரும் சொன்னாங்க."

ரூடி தட்டைக் கீழே வைத்தான்.

"இல்ல எல்மா. நான் திரும்பிப் படியேறும்போது அவர் தட்டிக்கிட்டு இருந்தாரு. எனக்குத்தான் மூச்சு பத்தல. மாசக்கணக்காப் படிப் பயிற்சியில இவங்க எல்லாரையும் ஏமாத்தித்தான் உள்ளே போனேன்."

எல்மா கேக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை மாசம் எல்லாரையும் ஏமாத்தத் தெரிஞ்சுது உனக்கு," என்றாள். "இன்னைக்கு ஒரு நாள் என்னை ஏமாத்தியிருக்கக் கூடாதாடா?"