அறுபத்து நாலுலதான் இருக்குக்கா

1

பதினைந்து மணி நேரம் இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் பஸ். இப்போது பிற்பகல் மூன்று. பஸ் கிளம்புவதற்குள் இந்தக் கதையை முடித்தாக வேண்டும்.

கதை ஒரு போன் அழைப்பிலிருந்து வந்தது. இன்று மதியம் ஒரு பாடகி, தன் மெல்லிசைக் குழுவில் லேப்டாப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். அந்தப் பெண், "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றாள். என்ன கேட்டார் என்பதை மூன்றாம் பகுதியில் எழுதுகிறேன். இப்போது எழுத வரவில்லை. 

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஜனனி பயந்த சுபாவம் உள்ளவள், ஆனால்" (ஆனாலுக்குப் பிறகு எதுவும் வரவில்லை.)

"ஒலி ஒரு நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகும்." (பாடப்புத்தகம்.)

"தவறு சிறியதுதான்." (பொய். அடித்துவிட்டேன்.)

2

ஜனனிக்கு இருபத்து மூன்று வயது. பி.எஸ்சி. இயற்பியல். குழு வசந்தகுமாருடையது, அவர் கீபோர்டு வாசிப்பார். பாடுகிறவர் பிரகதாம்பாள், வயது நாற்பத்தாறு. பகலில் ஜாக்கெட் தைப்பார், திருவிழாக்களில் பாடுவார். இருபத்திரண்டு வருடமாகப் பாடுகிறார். ஜனனியைக் குழுவில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். "பேசவே மாட்டா. ஆனா வேலை சுத்தமா இருக்கும்" என்று வசந்தகுமாரிடம் சொன்னாராம்.

பிரகதாம்பாளின் குரல் மைக்கிலிருந்து நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. லேப்டாப்புக்குள் போய், கொஞ்சம் சுருதி திருத்தப்பட்டு, கொஞ்சம் எதிரொலி சேர்க்கப்பட்டு வெளியே வருகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே குரல் அவர் காதில் மாட்டியிருக்கும் இயர்போனுக்கும் போகிறது.

லேப்டாப்பால் குரலைச் சொட்டுச் சொட்டாக வாங்க முடியாது. ஒரு பாத்திரத்தில் பிடித்து, நிரம்பியதும் எடுத்துப்போய் ஊற்றும்.* பாத்திரம் சிறியதாக இருந்தால் சீக்கிரம் நிரம்பும். குரல் உடனே வரும். ஆனால் ஓயாமல் ஓட வேண்டும், ஒரு நடை தவறினால் சத்தம் பட்டென்று தெறிக்கும். பாத்திரம் பெரிதாக இருந்தால் எதுவும் தெறிக்காது. குரல் மட்டும் தாமதமாக வரும்.

(* இதைப் பஃபர் என்பார்கள். அளவை ஒரு எண்ணால் சொல்வார்கள். 64 என்றால் டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் ஏற ஏறக் குடம், அண்டா.)

டம்ளரில் வேலை நடக்க வேண்டுமானால் லேப்டாப்பின் கைகள் சும்மா இருக்க வேண்டும். வைஃபையை அணைக்க வேண்டும். தேவையில்லாததையெல்லாம் மூட வேண்டும். கனமான எதிரொலியை எடுத்துவிட்டு லேசானதைப் போட வேண்டும். சார்ஜர் கழலக் கூடாது. ஜனனி எல்லாம் செய்திருந்தாள். பங்குனியில் கறம்பக்குடிக் கச்சேரிக்கு 64 தான் வைத்திருந்தாள்.

மூன்றாவது பாட்டில் ஜெனரேட்டர் தடுமாறியது. சார்ஜருக்கு மின்சாரம் நின்றது. லேப்டாப் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. எல்லா ஸ்பீக்கரிலும் பட், பட், பட் என்று தெறித்தது. சூடான எண்ணெயில் தண்ணீர் விழுந்த சத்தம்.

வசந்தகுமார் மைக்கை எடுத்தார். "யாரும் பயப்படாதீங்க. நம்ம ஜனனி மேடம் தீவாளிய இப்பவே கொண்டாடுறாங்க."

ஊர் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். ஜனனி மேடைப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் அத்தனை ஸ்பீக்கரில் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வேனில் திரும்பும்போது அவள் பெயர் பட்டாசு ஆகியிருந்தது.

அடுத்த கச்சேரிக்கு முன் 64 இருந்த இடத்தில் அவள் [      ] என்று மாற்றினாள்.

(அந்த எண்ணைக் காலியாக விட்டிருக்கிறேன். மறந்ததால் அல்ல.)

பட்பட் சத்தம் ஊருக்கே கேட்கும். தாமதம் பாடுகிறவர் ஒருவருக்குத்தான் கேட்கும்.

(இந்த இரண்டு வரியும் நன்றாக வந்திருப்பதாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாக இருக்கிறது.)

3

பிரகதாம்பாளுக்குக் கேட்டது.

கொடும்பாளூர்க் கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜனனி, காதுல என் சத்தம் எனக்குப் பின்னாடி வருதுத்தா. ஒம் பொட்டியில ஏதும் இருக்கா, பாரு."

"அறுபத்து நாலுலதான் இருக்குக்கா."

"அப்படின்னா?"

"சரியா இருக்குன்னு அர்த்தம்க்கா."

"பிஸிக்ஸ் படிச்ச புள்ள நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் காய்ச்சலுக்கப்புறம் மண்டை மந்தமாயிருச்சு போல."

பங்குனியில் அவருக்கு எட்டு நாள் காய்ச்சல். எண் மாறியதும் அதே பங்குனியில். ஒன்று இன்னொன்றின் மேல் அழகாக உட்கார்ந்துகொண்டது. (கதையில் நான் இப்படி அமைத்திருந்தால் நம்பமாட்டீர்கள். நான் அமைக்கவில்லை.)

தன் வாய் பதினாறு மீட்டர் தள்ளி இருப்பது போல இருக்கும் அந்தத் தாமதம். ஒன்றரை பஸ் நீளம். பாடுகிறவர் தன் குரலுக்காகக் காத்திருப்பார். காத்திருந்தால் தாளம் போய்விடும்.

"என்னக்கா, நாங்கள்லாம் மொத பஸ்ல ஏறிட்டோம். நீங்க ரெண்டாவது பஸ்ல வர்றீங்க" என்றார் வசந்தகுமார். முதல் தடவை பிரகதாம்பாளும் சேர்ந்து சிரித்தார். இரண்டாவது கச்சேரியில் சிரிக்கவில்லை. மூன்றாவதற்குப் பிறகு ஜனனியிடம் சொன்னார்:

"வீட்டுல தச்சுக்கிட்டே பாடுனா ஒழுங்கா வருது. மேடையில ஏறுனாத்தான் நழுவுது. பயமோ என்னமோ. இந்த வயசுல எனக்கு என்னத்தா பயம்?"

ஜனனி லேப்டாப் பையின் ஜிப்பை மூடினாள். திறந்தாள். மூடினாள்.

நாளை மறுநாள் சனிக்கிழமை, ஆவுடையார்கோவிலில் கச்சேரி. அதோடு பாடுவதை நிறுத்திக்கொள்வதாகப் பிரகதாம்பாள் வசந்தகுமாரிடம் சொல்லிவிட்டார். வேறு ஆள் பார்க்கவும் சொல்லிவிட்டார்.

இனி அந்தப் போன்.

"தஞ்சாவூர்ல தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாரு டாக்டரு. நாளைக்கு ஆறு மணி பஸ்ல போறேன். வீட்டுல சொல்லல, பயந்துருவாக. இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா எனக்கு என்ன வெளங்கும்? நீ தொணைக்கு வாரியாத்தா?"

4

முடிவுகள்.

முதல் முடிவு: யாருக்கும் தெரியாமல் எண்ணைத் திரும்ப 64 ஆக்கிவிடுவது. பாட்டு சரியாகிவிடும். காய்ச்சல் மந்தம் விட்டுப்போனதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

நீங்களும் இதைத்தான் யோசித்திருப்பீர்கள். ஜனனி இதைச் செய்தேவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில். பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பையும் எடுத்துவிட்டாள். ஒரு தெறிப்பும் இல்லை. குரல் உடனுக்குடன் வந்தது.

பிரகதாம்பாள் தாளத்துக்கு முன்னால் பாடினார்.

இரண்டு மாதமாக, பின்தங்காமல் இருப்பதற்காக, ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் முன்கூட்டியே எடுக்க அவர் தன்னைத் தானே பழக்கியிருந்தார். வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடியபோதுகூட அது அவருக்குத் தெரியவில்லை. எண்ணை மாற்ற முடிந்தது. அவர் பழக்கிக்கொண்டதை மாற்ற எந்தப் பொத்தானும் இல்லை.

"இப்ப முந்துறீங்களேக்கா" என்றார் வசந்தகுமார். கேலி இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

பிரகதாம்பாள் இயர்போனைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தலைக்குள்ள என்னமோ ஆயிருச்சு" என்றார். மறுநாள் டாக்டரிடம் போனார்.

இரண்டாம் முடிவு: ஜனனி துணைக்குப் போகிறாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அவள் வாசித்துச் சொல்கிறாள். "ஒண்ணுமில்லக்கா." "அப்ப ஏன்த்தா எனக்கு இப்படி ஆகுது?" என்று அவர் கேட்கிறார். ஜனனி

(இதற்கு மேல் போகவில்லை.)

மூன்றாம் முடிவு: ஜனனி சென்னைக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். ஜன்னலோர இருக்கை, மழை. இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிறகு பார்த்தால் அதில் பிரகதாம்பாள் இல்லவே இல்லை. கிழித்துவிட்டேன்.

ஜனனி எதற்குப் பயப்படுகிறாள் என்று ஒரு பத்தி எழுத நினைத்தேன். திட்டுக்கு அல்ல. வேலை போகும், பட்டாசைவிட மோசமான ஒரு பெயர் வரும், அதற்கும் அல்ல. சொன்ன பிறகு போனில் ஒரு மௌனம் வரும். அது எவ்வளவு நீளம் என்று அவளால் முன்கூட்டிக் கணக்கிட முடியவில்லை.

5

மணி ஆறாகிவிட்டது. நான்கு பகுதி எழுத மூன்று மணி நேரம்.

"அவள்" என்று எழுதினால் பத்திரமாக இருக்கிறது. எதுவும் தெறிப்பதில்லை. ஆனால் எல்லாம் தாமதமாக வருகிறது. மதியத்திலிருந்து அந்த அக்கா ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார்; நான் பெரிய பாத்திரம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஜனனி நான்தான்.

கீழே உள்ளதை மட்டும் போனை வைத்த பிறகு எழுதினேன். நான் சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு அவர் சொன்னது அவருடையது. நீங்கள் அவருடைய இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சொல்லுத்தா. வாரியா?"

"அக்கா, நாளைக்கு நீங்க போக வேணாம்."

"ஏன்? ஒனக்கு வேலை இருந்தா இருக்கட்டும். நான் தனியாப் போயிட்டு வாரேன்."

"அதில்லக்கா."

மிஷின் சத்தம் நின்றது.

"அன்னைக்கு அறுபத்து நாலுன்னு சொன்னேன்ல. அறுபத்து நாலுல இல்லக்கா. ஆயிரத்து இருபத்து நாலுல வெச்சிருந்தேன். கறம்பக்குடிக்கப்புறம் எல்லாக் கச்சேரியிலயும். மறுபடி தெறிச்சிருமோன்னு எனக்குப் பயம். நீங்க சரியாத்தான் பாடுனீங்க. நான்தான் ஒங்க குரல ஒங்களுக்கு லேட்டாக் குடுத்தேன்."