கனகலதா குடுவைக்குள் எட்டிப் பார்த்தாள்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இது என் கதையில்லை. செங்கம் போகும் பஸ்ஸில் தையல் டீச்சர் ஜோதியம்மாள் சொல்லக் கேட்டது. 1961-இல் நடந்ததாம். வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

'பெங்களூர் லால்பாக்கின் கண்ணாடி மாளிகைக்குள் காலைச் சூரியன்...'

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

'கனகலதா சின்ன உயிரைக்கூட...'

இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே அவளைப் படமாக மாட்டி மாலை போட்ட மாதிரி இருக்கிறது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

2

கனகலதா திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். சமண வீட்டுப் பெண். புத்தகத்தில் 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' என்று ஒரு பாடம். ஆறு வருஷமாக அதை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். செடி உயிரைத் தின்னும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இந்த வருஷம் தலைமையாசிரியை பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வரார். அந்தப் பாடத்தைத்தான் நீங்க எடுக்கணும். முடியாதுன்னா வேற டீச்சரைப் பாத்துக்கறேன்."

"கண்ணால பாத்துட்டு எடுக்கறேங்க."

சனிக்கிழமை விடியற்காலை, அதே பள்ளியில் வேலை பார்த்த ஜோதியம்மாளையும் இழுத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டாள்.

(பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி அப்போது லால்பாக்கில் இருந்ததா? இருந்தது என்கிறார் ஜோதியம்மாள். நான் விசாரிக்கவில்லை. விசாரித்து இல்லையென்று ஆகிவிட்டால் கதை போய்விடும்.)

3

இலை நுனியெல்லாம் மூடி போட்ட சின்னச் சின்னக் குடுவைகள். கனகலதா ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர். அதில் ஒரு எறும்பு, ஏறுவதும் வழுக்குவதுமாக.

"ஜோதி, இது உயிரோட இருக்கு!"

"தொடாதீங்க டீச்சர், போர்டு போட்டிருக்கு!"

அதற்குள் கொண்டை ஊசியை உருவி உள்ளே விட்டுவிட்டாள். ஊசியைப் பிடித்துக்கொண்டு எறும்பு வந்தது. கூடவே தோட்டக்காரரும் வந்தார்.

"யாரும்மா அது? ஆபீசுக்கு வாங்க!"

ஆபீசுக்குப் போனால் பெயர், ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் எழுதிக்கொள்வார்கள். பள்ளிக்குக் கடிதம் போகும். அப்புறம் திங்கட்கிழமை... (இந்த வாக்கியத்தை ஜோதியம்மாளும் முடிக்கவில்லை.)

"தப்புதாங்க," என்றாள் கனகலதா. "ஆனா அது தவிக்கிறதைப் பாத்துட்டு எப்படிங்க போறது?"

தோட்டக்காரர் அவள் பேச்சில் இருந்த ஊர் வாடையைக் கவனித்தார். "எந்த ஊரு நீங்க?"

"திருவண்ணாமலைங்க."

"அட! நான் பக்கத்துல கீழ்பென்னாத்தூரு. கபாலின்னு பேரு."

(ரொம்ப சௌகரியமாக இருக்கிறது, தெரியும். ஆனால் இதை நான் சேர்க்கவில்லை.)

கனகலதாவுக்கு இப்போது வேறு கவலை. "அதோட சாப்பாட்டைப் பிடுங்கிட்டேனே, செடி செத்துடுமா?"

கபாலி சிரித்துவிட்டார். "மண்ணுல சத்து கம்மி, அதான் பூச்சி பிடிக்குது. ஒரு எறும்பு போனா ஒண்ணும் ஆவாது. எறும்பைப் பிடிச்சு உள்ள போட்டுப் பாக்கறவங்கதான் ஜாஸ்தி. வெளிய எடுத்தது நீங்க ஒருத்தர்தாம்மா."

ஆபீஸ் பேச்சு அதோடு போயிற்று.

4

திங்கட்கிழமை பாடத்தை ஒரு வரி விடாமல் எடுத்தாள், சத்தில்லாத மண்ணையும் சேர்த்து. இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டாராம். அதையே முடிவாக வைத்துப் பார்த்தேன். பள்ளி ஆண்டுவிழா மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

எனவே சனிக்கிழமைக்கே போவோம். ஊசியிலிருந்து கனகலதாவின் உள்ளங்கையில் இறக்கிய எறும்பு நனைந்து, ஓய்ந்து கிடக்கிறது. மூன்று தலைகள் அதன்மேல் குனிந்திருக்கின்றன. கால் அசைந்தது என்கிறார் ஜோதியம்மாள். காற்று என்கிறார் கபாலி. கனகலதா ஒன்றும் சொல்லவில்லையாம்.

நானும் சொல்லப்போவதில்லை. நாலாவது தலைக்கு இடம் இருக்கிறது. நீங்களே குனிந்து பாருங்கள், மூச்சை மட்டும் மெதுவாக விடுங்கள்.