எதிர்க்காற்றுக்கு ஒரு பலகை

கோட்டைப்பட்டினத்தில் ஷிஃபா என்று கேட்டால் யோசிப்பார்கள். கட்டி இழுத்துட்டு வந்த புள்ள என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். பாய் கட்டிய பலகையில் ஏறி மூன்று தடவை கடலுக்குள் போனேன். மூன்று தடவையும் திரும்ப முடியாமல் மாமா மகன் தௌஹீதின் படகுதான் கயிறு போட்டு இழுத்து வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கயிற்றைக் கடித்தே துண்டாக்கியிருப்பேன்.

அறந்தாங்கியில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். விண்ட்சர்ஃபிங், அத்தாவோடு கத்தாரில் இருந்தபோது கற்றது. பாயைப் பிடித்து நிற்கும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. ஆனால் மூன்றாவது தடவை உம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை படகு ஒன்னயக் கூட்டிட்டு வந்துச்சுன்னா, அன்னைக்கோட இத நிறுத்திரணும்."

நானும் வீம்புக்குச் சரி என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பழைய பலகை விரிசல் விட்டிருந்ததால் வேறு ஒன்று பார்க்க மண்டபம் ஊருக்குப் போனோம். மச்சான் தௌஹீதும் கூட வந்தார். அங்கே ஒருவர் இரண்டு பலகைகளை விற்பதற்கு வைத்திருந்தார். ஒன்று குட்டையான சிவப்பு, புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. இன்னொன்று நீளம், நல்ல கனம், வெயிலில் வெளுத்த மஞ்சள். அதன் நடுவில் ஒரு தகடு. காலால் மிதித்தால் தண்ணீருக்குள் இறங்கும், வேண்டாதபோது மடக்கிக்கொள்ளலாம்.

சிவப்பை எடு என்றார் மச்சான். எங்கள் கடல் வெகுதூரம் முழங்கால் ஆழம்தான், அடியெல்லாம் புல். கீழே எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொறுக்காது. பழைய பலகையின் வாலடியில் மீன் துடுப்பு மாதிரி இருந்த ஃபின் புல்லில் சிக்குகிறதே என்று, எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் இந்த மச்சான்தான் பாசத்தோடு அதைப் பாதியாக அறுத்துக் கொடுத்தார். நானும் தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இரண்டையும் தண்ணீரில் இறக்கிப் பார்த்தேன். மெல்லிய காற்றில் சிவப்பு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. மஞ்சளில் ஏறித் தகட்டை மிதித்ததும், அடியில் பிடிமானம் கிடைத்து, பலகை காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறியது. மூன்று தடவையும் காற்று ஏன் என்னை அடித்துக்கொண்டு போனது என்று அப்போதுதான் உறைத்தது. பாதியாக அறுத்த ஃபினில் பிடிமானம் ஏது? கரைக்கு வந்து மச்சானைப் பார்த்தேன். அவர் மஞ்சள் பலகையைத் தூக்கி வண்டியில் கட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கச்சான் அடித்தது. எங்கள் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று. போவது சுகம், வருவதுதான் பாடு. அதுவரை கடற்கரைப் பக்கமே வராத உம்மா அன்று வந்து நின்றாள். ஆழம் குறைந்த இடத்தில் தகட்டை மடக்கியே கடந்தேன், பிறகு வெகுதூரம் போனேன்.

திரும்பும்போது காற்று எதிரே இருப்பதால் நேராகக் கரைக்கு வர முடியாது. முதலில் வடக்கே ஜெகதாப்பட்டினம் பக்கமாகச் சாய்ந்து ஏற வேண்டும், பிறகு தெற்கே. உம்மாவுக்கு அது எங்கே தெரியும்? பிள்ளை ஊரைத் தாண்டிப் போகிறாளே என்று பதறி மச்சானை விரட்டியிருக்கிறாள். படகு என் பக்கத்தில் வந்து நின்றது. மச்சான் கையில் கயிறு. எனக்குத் தோள் இரண்டும் கழன்றுவிடும் போல வலித்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் கயிற்றைத் தொட்டால் எல்லாம் முடிந்தது.

"மச்சான், கயித்தப் படகுக்குள்ளயே போடுங்க."

அவர் போட்டார், ஆனால் போகவில்லை. எஞ்சினை மெதுவாக்கிப் பின்னாலேயே வந்தார். வடக்கே ஒரு சாய்வு, தெற்கே ஒரு சாய்வு என்று மாற்றி மாற்றி ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கரை கொஞ்சம் கிட்டே வந்தது. முழங்கால் ஆழம் வந்ததும் தகட்டை மடக்கி இறங்கி, பலகையைத் தள்ளிக்கொண்டு கிளம்பிய அதே இடத்துக்கு வந்தேன்.

படகும் வந்து நின்றது. போச்சு, இதையும் கணக்கில் சேர்த்துவிடுவாளோ என்று உம்மாவையே பார்த்தேன். உம்மா படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"படகு ஒன்னயக் கூட்டிட்டு வரல. நீதான் படகக் கூட்டிட்டு வந்துருக்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள்.