இரண்டு சரிவுக்கும் ஒரே பாட்டு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் ஹெட்போனின் ஒரு காது செத்துப்போன அன்றைக்குத்தான் இந்தக் கதை பிறந்தது. பழைய டூயட் ஒன்றில் அவன் கேட்கிறான், கேட்கிறான், அவள் பதிலே சொல்லவில்லை. பாவம், கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் செத்த காதுக்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

முதல் வரி: சேர்வராயன் மலையில் பனி மூடிய ஒரு

(வேண்டாம். திருவிழா மே மாதத்தில். பனியை அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி: 1998இல் நாகலூர் பாவாயி, சேலத்தில் வாங்கிய டிஜிட்டல் சவுண்ட் மிக்சரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இது இருக்கட்டும்.

2.
மைக் செட்டை ஒரு பெண் நடத்துவாளா என்று நண்பர் ஒருவர் சந்தேகப்பட்டார். நடத்துவாள். மரம் ஏற அவளுக்குப் பயம், பொத்தானைத் தொட அவள் கணவன் பொன்னுவேலுக்குப் பயம். அதனால் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவன் வேலை, மற்றதெல்லாம் அவளுடையது.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எப்போதும் சேலத்து செட்தான் வரும். "நம்ம மலைப் புள்ளைக்கு ஒருக்கா குடுத்துப் பாக்கலாமுங்க" என்று அந்த வருஷம் கோயில் பெரியவர் ஐயாக்கண்ணு எல்லோரிடமும் பேசி வாங்கித் தந்தார். சொதப்பினால் மறுபடி சேலம்தான். பாவாயிக்கு இது கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள ஆசை.

3.
பழைய ஆம்ப்ளிஃபயரில் ஒரே வழிதான். யார் பேசினாலும் எல்லாக் குழாயிலும் கேட்கும். புதிய மிக்சரில் இடது, வலது என்று இரண்டு வழி. ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ். எந்தப் பக்கம் திருகுகிறோமோ அந்த வழியில் குரல் போகும், நடுவில் வைத்தால் இரண்டிலும் போகும். "ஆம்பளக் குரல இடது, பொம்பளக் குரல வலது தள்ளுங்க, சினிமாக் கொட்டாய் தோத்துப்போகும்" என்றிருந்தார் கடைக்காரர். பாவாயி அப்படியே செய்தாள்.

ஆனால் மலையில் குழாய் கட்டுவது எதிரே இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, சரிவுகளுக்கும்தான். பொன்னுவேல் வழக்கம்போலப் பாதியை நாகலூர்ப் பக்கமும் பாதியை ஏற்காட்டுப் பக்கமும் திருப்பிக் கட்டினான். இரண்டு வழி, இரண்டு சரிவு. பங்கு சரியாக இருக்கிறது என்று பாவாயியும் இடதை நாகலூர்ப் பக்கத்துக்கும் வலதை ஏற்காட்டுப் பக்கத்துக்குமாக வயரைச் செருகிவிட்டாள்.

4.
திருவிழா அன்று மத்தியானம் பாட்டுக்காரர்கள் செல்லப்பனும் வேலம்மாளும் கேள்வி பதில் பாட்டு பாடினார்கள். பாவாயியின் ஹெட்போனில் அவன் ஒரு காதில், இவள் ஒரு காதில். கடைக்காரருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. அப்போது பொன்னுவேல் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஏம்புள்ள, நாகலூர்ப் பக்கம் செல்லப்பன் மட்டுந்தான் கேக்குது. வேலம்மாளுக்குத் தொண்ட கட்டிக்கிச்சான்னு கேக்கறாங்க!"

"அந்தப் பக்கம்?"

"அங்க அவ, ஆருமே கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லிட்டிருக்கறா!"

பாவாயி குமிழை நடுவில் வைக்கக் கை நீட்டினாள்.

(இங்கே ஒரு முடிவு எழுதினேன்: திருகினாள், எல்லாம் சரியாகிவி— கிழித்துவிட்டேன். இன்னொன்றில் மழை வந்து கரண்ட் போனது. அது என் சோம்பேறித்தனம்.)

5.
ஹெட்போனைக் கழற்றினாள். நாகலூர்ச் சரிவிலிருந்து சிரிப்புச் சத்தம்.

"சந்தைக்குப் போறேன் புள்ள, என்ன வாங்கியாரட்டும்?" என்று செல்லப்பன் பாடினான். வளையல் வேண்டும் என்பது வேலம்மாளின் பதில். அது அங்கே கேட்கவில்லை. அந்தச் சரிவில் இருந்த பெண்களே பதில் பாடினார்கள்: "ஒண்ணும் வேண்டாம், நேரத்தோட ஊடு வந்து சேருங்க!" ஏற்காட்டுப் பக்கத்திலோ ஆண்கள் ஆளுக்கொரு கேள்வி கட்டிக்கொண்டிருந்தார்கள். மலையே பாடியது. பாவாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஐயாக்கண்ணு வேகமாக வந்தார்.

"தப்பு நடந்துபோச்சுங்க ஐயா. இப்பச் சரி பண்ணிடறேனுங்க."

"இரு கண்ணு, தொடாத. எங்க ஊட்டுக்காரி நாகலூர்ப் பக்கம் பாடறா. கல்யாணம் ஆனதுலருந்து அவ பாடி இன்னைக்குத்தான் கேக்கறேன்."

அதற்குள் வேலம்மாள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள். "ஏனுங்கக்கா, நாகலூர்ப் பக்கம் எங் குரல் போகலியா? எங்கம்மா நான் பாடறதக் கேக்க வந்து அங்கதான் உக்காந்திருக்குது!"

6.
இன்னும் ஒரு சரணம் பாக்கி. பாவாயியின் விரல் வேலம்மாளின் மைக் குமிழின் மேல் இருக்கிறது. ஐயாக்கண்ணு ஒரு பக்கம் பார்க்கிறார், வேலம்மாள் ஒரு பக்கம் பார்க்கிறாள். மகளின் குரலா, மனைவியின் குரலா? என்னால் முடியாது, நீங்களே திருகுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் எதைச் செய்தாலும் அடுத்த வருஷமும் செட் பாவாயியுடையதுதான். அதை மட்டும் உங்கள் கையில் விடமாட்டேன்.