நாலு கதவுத் தெப்பம்

தெப்பம் கட்ட மூங்கில் கொண்டுவருகிறேன் என்று சொன்ன மனுஷன் நாலு கதவைக் கொண்டுவந்து வைத்திருந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? எல்லாம் இடித்த வீட்டுக் கதவுகள். கீலோடும் கைப்பிடியோடும் பூட்டோடும் இருந்தன. அடியில் காலி எண்ணெய் டின்களைக் கட்டியிருந்தான். தண்ணீரில் தள்ளுவதற்கு முன்னால் கொக்கி என்ற அந்த மனுஷன் நாலு கதவையும் ஒவ்வொன்றாகப் பூட்டினான். கைப்பிடியை இழுத்துச் சரிபார்க்கவும் செய்தான்.

"ஆத்துல மிதக்கப்போற கதவ எதுக்குடா பூட்டற?" என்றான் அவன் நண்பன் காலர்.

"திறந்து கிடந்தா யாராவது வந்துட மாட்டாங்களா?"

"எங்கேருந்து? அடியிலேருந்தா?"

கொக்கி, பூட்டு ரிப்பேர் செய்பவன்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே தொழில்தான். பூட்டியிருந்த கதவைத் திறந்தால் வேலை முடிந்ததும் பூட்டிவிட்டுத்தான் வரவேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் பரம்பரைச் சட்டம். தன் கல்யாணத்துக்குப் புறப்படும்போதும் அப்படியே வீட்டைப் பூட்டிவிட்டான். அவனுடைய அம்மாவும் அப்பாவும் உள்ளே இருந்தார்கள். அன்றைக்குத் தாலி கட்ட இரண்டு மணி நேரம் தாமதம்.

இப்படிப்பட்டவனை நம்பித்தான் காலர் தன் விடுதலையை ஒப்படைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவம். வேறு யாரும் கிடைக்கவில்லை.

காலர், அக்கா புருஷனின் சட்டைக் கடையில் தையல்காரன். பதினெட்டு வருஷமாகச் சட்டைக் காலர் மட்டும் தைக்கிறான்; பேரே அதுவாகிவிட்டது. கை வேறு ஒருவன், பட்டன் வேறு ஒருவன். "உனக்கு காலர் நல்லா வருது மச்சான், அதையே தை" என்று அத்தான் என்றைக்கோ ஒருநாள் பாராட்டியது ஆயுள் தண்டனையாகிவிட்டது. அத்தான் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது காலரை உள்ளே வைத்துப் பின்னறையை வெளியே பூட்டிவிட்டுப் போவார். கேட்டால், "ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கியே, ஒருநாள் எழுந்து போயிடுவ" என்பார். அந்த ஜன்னல் வழியாகத் தெரிவது ஆறு.

ஆறு கடலில் சேரும் ஊரில் ஒரு கடைக்காரர், முழுச் சட்டை தைக்க ஆள் வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார். திங்கட்கிழமை காலைக்குள் வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆள். இன்றைக்கு சனிக்கிழமை. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் அத்தானின் தம்பி. அதனால்தான் ஆறு.

"எனக்கு முழுச் சட்டை. உனக்கு எதுலேருந்துடா விடுதலை?" என்று கிளம்பும் முன்பே காலர் கேட்டிருந்தான்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ தனியா போனா மூழ்கிடுவ."

இன்றைக்கு மத்தியானம் அத்தான் சாப்பிடப் போனதும் கொக்கி வந்து பின்னறைப் பூட்டைத் திறந்திருந்தான். காலர் துணி மூட்டையோடு கரைக்கு ஓடினான். கொக்கி கால் மணி நேரம் கழித்து, கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நிதானமாக வந்தான். தப்பித்துப் போகிறவன் கீலுக்கு எண்ணெய் போடுவானா என்று காலர் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பரம்பரைச் சட்டம் வரும்.

தெப்பம் நகர்ந்தது. நகர்ந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த ஆறு ஊரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற ஆறு. இரண்டு மணி நேரம் மிதந்த பிறகும் கடை மாடியில் காயும் துணி தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் பட்டன்களைக்கூட எண்ணலாம் போலிருந்தது. இந்த அழகில் மூன்றாவது கதவை அடியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

"பாத்தியா? இதுக்குத்தான் பூட்டினேன்" என்றான் கொக்கி.

கடிதம் போடும் ஓட்டை வழியாக ஒரு மீன் மீசையை நீட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. தேடி வந்த ஆள் இல்லை என்று நினைத்ததோ என்னவோ, போய்விட்டது. காலர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உன்கூட வந்ததுக்கு நான் அந்த ரூம்லயே இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தா எனக்கும் ஒரு குழப்பம் இருந்திருக்காது," என்றான் கொக்கி, தாடையைச் சொறிந்துகொண்டே. "அந்த ரூமப் பூட்டும்போது உள்ளேருந்து 'டேய்'னு ஒரு சத்தம். நீதான்னு நெனச்சேன்."

"நான் கரைல இல்ல இருந்தேன்!"

"அது இங்க வந்து உன்னப் பாத்தப்புறம்தான் ஞாபகம் வந்துது."

காலர் மெதுவாகத் திரும்பினான். "குரல் எப்படிடா இருந்துது?"

"கொஞ்சம் கட்டைக் குரல். மூக்கால பேசற மாதிரி."

அத்தான்! கொக்கி எண்ணெய் எடுக்கப் போன நேரத்தில் சீக்கிரமே திரும்பி வந்திருக்கிறார். கதவு திறந்திருப்பதைப் பார்த்து, மச்சான் மேஜைக்கு அடியில் ஒளிந்திருக்கிறானா என்று தேட உள்ளே போயிருக்கிறார். எண்ணெய்க் குப்பியை மூடிய கொக்கி, கடமை தவறாமல் பூட்டிவிட்டான். அதுவும் பழைய பூட்டு பிடிக்கவில்லை என்று தன் கையால் செய்த பூட்டைப் போட்டு!

"அத யார் திறக்க முடியும்?"

"நானும் எங்கப்பாவும். அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. காலருக்கு அவனை அப்படியே தூக்கி மீன் வாயில் போடலாம் போலிருந்தது.

சனிக்கிழமை மத்தியானத்தோடு மற்ற ஆட்களுக்கு லீவு. அக்கா ஊரில் இல்லை. திங்கட்கிழமை வரை அந்த அறைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். தண்ணீர்ப் பானையில் அரை டம்ளர் மிச்சம் இருந்தது காலருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"நீ போ," என்றான் கொக்கி. "நான் ஓடிப்போய் திறந்துட்டு கரையோரமாவே வந்து உன்னப் பிடிச்சுக்கறேன்."

"நீயா? வழியில நாலு வீட்டுக் கதவு ஒருக்களிச்சிருந்தா நாலையும் பூட்டிட்டு நாளைக்குத்தான் வருவ. அத்தான் உன்ன போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பாரு. நீ பாட்டுக்கு ஸ்டேஷனப் பூட்டுவ!"

தெப்பத்தை ஒரு மரத்தில் கட்டினார்கள். கொக்கி அதையும் பூட்டிவிடாமல் காலர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டான். நடந்தால் இருபது நிமிஷம்தான். இரண்டு மணி நேரம் மிதந்து வந்த தூரம் அது.

பின்னறைக் கதவிடுக்கில் காலர் வாயை வைத்தான். "அத்தான்?"

"டேய் திற!"

"திறந்தா நான் போயிடுவேன். சொல்லிட்டேன்."

உள்ளே தையல் மெஷின் ஒரு தடவை ஓடி நின்றது. பிறகு, "இந்த ஃபேன் ஏன் மெஷின் ஓடினா நிக்குது?" என்று கேட்டது மூக்குக் குரல்.

"பதினெட்டு வருஷமா அப்படித்தான்."

கொக்கி திறந்தான். அத்தான் வியர்வையில் குளித்து வந்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. நேரம் போகாமல் ஒரு காலர் தைத்துப் பார்த்திருக்கிறார், ஊசி ஏறிவிட்டது. அந்தக் காலரைக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு பக்கம் நாக்கு மாதிரியும் இன்னொரு பக்கம் காது மாதிரியும் இருந்தது. அதைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்றே தோன்றியது.

"சரி, உள்ள போ. ஆர்டர் நிக்குது" என்றார்.

காலர் உள்ளே பார்த்தான். அவன் உட்கார்ந்து குழிவிழுந்த ஸ்டூல், அரை டம்ளரும் காலியான பானை, ஜன்னலில் ஆறு. பிறகு கொக்கியின் கையைப் பார்த்தான். அந்தக் கை பூட்டைப் பிடித்தபடி கதவுப் பக்கமாகத் தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

"கொக்கி."

"இல்ல, சும்மா ஒரு..."

"கொக்கி!"

கொக்கியின் நெற்றி வேர்த்தது. மூன்று தலைமுறை அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. அவன் பூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கதவு அகலமாகத் திறந்து கிடக்க, அதற்கு முதுகைக் காட்டி நடந்தான். காலரும் பின்னால் போனான்.

"நீ போனா காலர் யாருடா தைப்பா?" என்று அத்தான் கத்தினார்.

"கையில வச்சிருக்கீங்களே, அது நல்லா வந்திருக்கு அத்தான். அதையே தைங்க!"

தெருமுனைக்குள் கொக்கி ஏழு தடவை திரும்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "திறந்தே கிடக்குடா" என்றான். "கிடக்கட்டும்" என்றான் காலர். அதற்குமேல் அவனைத் திட்ட மனசு வரவில்லை.

அந்தப் பூட்டு தெப்பத்துக்கு நங்கூரமாக உதவியது. திங்கட்கிழமை காலை, கடிதம் போட்டவரின் கடை திறப்பதற்கு முன்பே இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். முதல் வாரத்திலேயே காலர் ஒரு முழுச் சட்டை தைத்தான். நண்பனுக்குத்தான். கை, பை, பட்டன் என்று எல்லாவற்றையும் அவன் ஒருவனே தைத்தான். கொக்கி போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான், திரும்பினான், கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"எல்லாம் சரி. காலர் எங்கடா?"

"இன்னொரு தரம் கேட்டேன்னா," என்றான் காலர், "உன்ன அந்த ரூமுக்குள்ள வச்சு நானே பூட்டிடுவேன்."