சூப்பில் விழுந்த நாற்பத்தொன்பது

இந்தக் காலத்தில் ஒயினை யாரும் குடிப்பதில்லை. கிளாஸை ஆட்டுகிறார்கள், மூக்கை உள்ளே விடுகிறார்கள், வாயைக் கொப்பளித்துத் தொட்டியில் துப்புகிறார்கள். துப்பிவிட்டு, பழைய தோல் வாசம், ஈர மண் வாசம் என்கிறார்கள். அது வேண்டுமென்றால் கிழவர் லெயோன்ஸின் பூட்ஸை மோந்து பார்க்கலாம்.

பிரான்ஸில், மெதோக் பக்கம் முந்நூறு வருஷமாக ஒயின் செய்துவரும் ஷத்தோ ஒன்று, திராட்சைத் தோட்டத்தோடு கூடிய மாளிகை. அதன் நிலவறையில் நாற்பத்தோரு வருஷம் பீப்பாய் உருட்டியவர் லெயோன்ஸ். குடியிருந்ததும் ஷத்தோவின் வீட்டில்தான். இப்போது ஷத்தோவை வாங்கியிருந்த இன்சூரன்ஸ் கம்பெனி, அந்த வீட்டை இடித்துச் சுற்றுலாக்காரர்களுக்குக் கடை கட்டப் போவதாகச் சொல்லியிருந்தது.

மத்தியானம் அவர் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் திபோ மூச்சிரைக்க வந்தான்.

"பெரியவரே, நம்மகிட்ட இருந்த நாற்பத்தொன்பதாம் வருஷ ஒயின்ல கடைசி பாட்டிலும் புளிச்சுப் போச்சு. அதை ருசி பார்த்து வாங்க லண்டன்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. நீங்க பொறந்தப்ப உங்கப்பாவுக்குப் பழைய முதலாளி குடுத்த அதே வருஷத்துப் பாட்டில் இருக்குல்ல?"

"இருக்கு. வீடு இருக்குமா?"

"நான் பேசறேன். சாகிற வரைக்கும் நீங்க இங்கயே இருக்கலாம்னு எழுதி வாங்கித் தர்றேன். சாயங்காலம்."

"கையெழுத்துப் போடற அதிகாரம் உனக்கு இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? முதல்ல பாட்டில். நீங்களே திறந்து குடுங்க, எங்க ஆளுங்க கை வச்சா கார்க் பொடியாயிடும்."

லெயோன்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். கார்க் முழுசாக, சத்தமில்லாமல் வந்தது. திபோ கை நீட்டினான். கிழவர் கொடுக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார். அடியில் நாலு வாய் சூப் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அதை வேண்டுமென்றேதான் மிச்சம் வைப்பார்கள். அதில் ஒயினை ஊற்றிக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தால்தான் சாப்பாடு முடியும். ஷப்ரோ என்று பேர்.

அவர் பாட்டிலைச் சாய்த்தார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?"

"ஷப்ரோ."

"எழுபத்தஞ்சு வருஷ ஒயின் அது. முட்டைக்கோஸ்லயா ஊத்துவீங்க?"

"பேப்பர் வர்ற வரைக்கும் ஊத்துவேன். கிண்ணம் பெருசு."

இன்னொரு மடக்கு விழுந்தது. திபோ பையைத் திறந்து ஷத்தோவின் பேர் அச்சடித்த தாளை எடுத்து நின்றபடியே எழுதினான். கையெழுத்தும் போட்டான்.

"போதுமா? இப்பவாவது நிமிர்த்துங்க."

லெயோன்ஸ் பாட்டிலை நிமிர்த்தி அவனிடம் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?" திபோவின் குரல் இறங்கியிருந்தது.

"சூப்பு நல்லா இருக்கு. ஒயின்ல சாரமே இல்ல. கூட்டுறவுக் கடையில டப்பாவுல விக்கிறது இதைவிடக் கெட்டியா இருக்கும்."

திபோ கிண்ணத்தைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தான். முட்டைக்கோஸ் துண்டு உதட்டில் ஒட்டியிருக்க, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இதுலயா சாரமில்லைங்கறீங்க? என் வாழ்நாள்ல இப்படி ஒண்ணு குடிச்சதில்ல, பெரியவரே."

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

"அதான்."

லெயோன்ஸ் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. மேயர் ஆபீஸ் மூன்று மணிக்குத் திறக்கும். அங்கே ஒரு முத்திரை குத்தி வாங்கினால்தான் சரி. முத்திரையையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. கிண்ணத்தை அவனிடமே விட்டுவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார்.